பச்சை வளையம் அடியில்

அத்தியாயம் 9

விஜிதரனின் மண்டை மூன்று அடியில் உடைந்திருந்தது. ஆள் முதல் அடியிலேயே முடிந்துவிட்டார், மற்ற இரண்டும் ஆத்திரத்துக்கு அடித்தவை என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆயுதத்தைத் தேடும் சிரமத்தைக் கொலைகாரன் யாருக்கும் வைக்கவில்லை. குண்டெறிதலுக்குப் பாவிக்கும் ஏழு கிலோ இரும்புக் குண்டு, வலையிறவுப் பாலத்தடியில், விஜிதரனின் காதுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பத்து வருடமாக மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கிய மனிதரை அவருடைய மைதானத்துச் சாமானாலேயே கொன்றிருந்தார்கள்.

வலது கை மட்டும் இறுகப் பொத்தியிருந்தது. விரல்களைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே சட்டைப் பையில் தைக்கும் பட்ஜ் ஒன்று. வெள்ளைத் துணியில் ஐந்து வளையங்கள். ஒலிம்பிக் சின்னம்.

அதற்குமேல் யோசிக்க பொலிசுக்கு விருப்பமில்லை. போட்டியில் ஓடியவன் கோட்டில் போடும் சின்னம் அது. இந்த மாவட்டத்தில் அப்படி ஓடியவர் உன்னிச்சைக் கிராமத்து இளையதம்பி மாஸ்டர் ஒருவர்தான். போன கிழமை மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்கும் முறை பற்றி விஜிதரனோடு அவர் வாய்த்தர்க்கப்பட்டதை நூறு பேர் கண்டிருக்கிறார்கள். வீட்டு அலுமாரியைத் திறந்தால் கோட்டின் பையில் பட்ஜ் இருந்த இடம் பிய்ந்து நூல் தொங்குகிறது. வேறென்ன வேண்டும்?

விஜிதரனிடம் பழகிய பையன்களுக்கு அவ்வளவும்கூட வேண்டியிருக்கவில்லை. அலுமாரியைப் பார்த்துவிட்டுப் போன பொலிஸ், மாஸ்டரை ஏற்ற வாகனம் கொண்டு வருவதற்குள் அவருடைய வீட்டுக்குப் பெற்றோல் ஊற்றினார்கள். அறுபத்தாறு வயது மனிதரை முற்றத்தில் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு மூன்று உடைந்தது. மாஸ்டரின் மகள் விதுர்ஷாவைக் கட்டப்போகிறவனும் அவருடைய பழைய மாணவனுமான வினோஜன் இடையில் விழுந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிராவிட்டால் அன்றே இன்னொரு பிரேதம் விழுந்திருக்கும்.

இன்று மூன்று மணிக்கு நீதவான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். விளக்கமறியல் சிறையில் போடச் சொன்னால் மாஸ்டர் மறியலுக்குத்தான். அங்கே விஜிதரனின் மைத்துனன் ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான். கிழவன் உள்ளே வந்தால் ஒரு கிழமை தாங்காது என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டம் ஒளிவுமறைவில்லாமல் கத்தியது.

“சேர், முக்கால் மணித்தியாலமா அந்தப் படத்தப் பாக்கிறீங்க. பொண்ணு பாக்கப் போன அண்டைக்கும் இவ்வளவு நேரம் பாத்திரிக்க மாட்டீங்க.”

சொன்னவள் ஸஹ்ரா. காத்தான்குடிக்காரி, வயது இருபத்தாறு, துப்பறியும் வினாயகமூர்த்தியின் உதவியாளர், சாரதி, தேநீர் இலாகா. காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் பொய்க் கோரிக்கைகளைக் கிழித்துவிட்டு வந்த வினாயகமூர்த்தி, பட்ஜின் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்டைக்கு இப்பிடிப் பாத்திருந்தா நான் இன்னும் தனிக்கட்டைதான் புள்ள. இந்தச் சின்னத்துக்கு என்ன கருத்து, சொல்லு பாப்பம்.”

“அஞ்சு கண்டம். நீலம் ஐரோப்பா, கறுப்பு ஆபிரிக்கா, மஞ்சள் நாங்க. பள்ளிக்கூடத்துல பாடமாக்கினது.”

“எந்த நிறம் எந்தக் கண்டமெண்டெல்லாம் கணக்கில்ல. அது வாத்திமார் சேர்த்துக் கட்டின கதை. வெள்ளையோட சேர்த்து ஆறு நிறம். இதக் கீறின காலத்துல எந்த நாட்டுக் கொடிய எடுத்தாலும் இந்த ஆறுல ஒண்டாவது அதுல இருந்திருக்கு. அவ்வளவுதான். ஆனா நிறத்த விடு. வளையங்கள் எப்பிடி நிக்குது?”

“கோத்து நிக்கும். சங்கிலி மாதிரி.”

“ஓம். ஒரு வளையம் ஒரு இடத்துல மேல போனா மற்ற இடத்துல கீழ போகும். ஆரும் ஆரையும் ஏறி மிதிக்கல்ல. அதுதான் கருத்தே. இப்ப இதப் பாரு.”

ஸஹ்ரா குனிந்தாள். படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“கோக்கல்ல சேர். ரொட்டி அடுக்கின மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடக்கு.”

வினாயகமூர்த்தி கைபேசியில் வேறொரு படத்தைக் காட்டினார். வழக்கை அவரிடம் கொடுத்த விதுர்ஷா அனுப்பியது. போன வருடம் ஒரு விளையாட்டுப் போட்டியில் மாஸ்டர் அந்தக் கோட்டோடு நிற்கிறார். பெருப்பித்துப் பார்த்தால் பையில் வளையங்கள் அழகாகக் கோத்து நின்றன.

“செத்தவன்ட கையில இருந்தது மாஸ்டர்ட பட்ஜே இல்ல,” என்றார் வினாயகமூர்த்தி. “கொலைகாரன் போலியா ஒண்டு தைப்பிச்சு வச்சிருந்திருக்கான். அடிபடக்குள்ள விஜிதரன் அதப் பிய்ச்சிட்டார். ஊட்ட போய்த்தான் இவன் கண்டிருப்பான். திரும்பி வந்தா பாலத்தடியில மீன்காரர் கூடியிருக்கிறாங்க. பழிய மாத்த வேற வழியில்ல. விடிய விடிய உன்னிச்சைக்குப் போய் மாஸ்டர்ட பட்ஜப் பிச்சிருக்கான்.”

“இத பொலிசுக்குச் சொல்லல்லயா?”

“சொன்னன். வளையம் அஞ்சும் இருக்குத்தானே ஐயா எண்டு கேட்டாங்க.”

“ஒண்டு குறைஞ்சிருந்தா யோசிச்சிருப்பாங்க.”

“தைச்சவன் வேணும் புள்ள. தைச்சவன் கிடைச்சா தைப்பிச்சவன் கிடைப்பான். மெஷின்ல எம்ப்ரொய்டரி போடுறவன் ஒரு நிறத்த முழுசா முடிச்சிட்டுத்தான் அடுத்த நூல் கோப்பான். பிறகு தைச்சது மேல ஏறும். அப்ப எது முதல், எது கடைசியெண்டு பாத்தாலே தெரியும். சாதாரணமா ஒருத்தன் மேல் வரிசையில நீலத்துல தொடங்கி, கீழ் வரிசையில பச்சையில முடிப்பான். பச்சை எல்லாத்துக்கும் மேல நிக்கோணும். இதுல பச்சை எங்க?”

“அடியில. கறுப்பும் சிவப்பும் அதுக்கு மேல கிடக்கு.”

“கடைசி மூலையில இருக்கிற பச்சையில கொண்டுபோய்த் தொடங்குற விசரன் ஆர்?”

ஸஹ்ரா ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

“விசரன் இல்ல சேர், நௌஷாட் காக்கா. எங்கட ஊருதான். எந்த வேலையெண்டாலும் பச்சை நூலுலதான் முதல் ஊசி குத்துவாரு, பச்சையில தொடங்கினா பறக்கத், தொழில் பெருகும் எண்டு. என்ட பள்ளிக்கூட பட்ஜுல பச்சையே கிடையாது. அதுக்கும் பின்பக்கத்துல ரெண்டு பச்சைக் குத்து குத்தித்தான் தந்தவரு.”

கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டர் ஏறியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாவியில் வெயில் கொதித்தது. காத்தான்குடிக்குள் நுழைந்தால் நடுவீதியில் பேரீச்சை மரங்கள் மட்டும் நின்றன. ஒரு ஆட்டோ இல்லை. கடைகள் எல்லாம் பூட்டு.

“என்ன புள்ள, ஊரே செத்துக்கிடக்கு?”

“இண்டைக்கு வெள்ளி சேர். ஜும்ஆ நேரம். எல்லாரும் பள்ளியில. நௌஷாட் காக்கா முதல் வரிசை ஆள். தொழுகை முடியும் மட்டும் வாசல்லதான் நிக்கோணும்.”

ஒழுங்கைக்குள் திரும்பிய ஸஹ்ரா சட்டென்று பிரேக் பிடித்தாள். நௌஷாட்டின் கடை ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“ஜும்ஆ நேரத்துல அவர் மெஷின மிதிக்கிற ஆளே இல்ல,” என்றாள். முகத்தில் பகிடி இல்லை.

வினாயகமூர்த்தி குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்ததை அவர் பிறகு எவரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. முகம் மூடிய கறுப்பு ஹெல்மெட் போட்ட ஒருவன் நௌஷாட்டின் கழுத்தை முழங்கையால் மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தான். நௌஷாட்டின் இடது கை மெஷினின் ஊசிக்குக் கீழே இருந்தது. ஹெல்மெட்காரன் காலால் மிதிக்க மிதிக்க ஊசி விரல்களுக்குள் இறங்கி ஏறியது. வாய்க்குள் துணி அடைத்திருந்ததால் நௌஷாட்டின் கத்தல் வெறும் முனகலாக வந்தது.

“ஆரு ஆருக்குச் சொன்னாய்?” ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் மந்தமாகக் கேட்டது. “பட்ஜப் பத்தி ஆருக்குச் சொன்னாய்?”

வாயில் துணியை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை என்பது தெளிவு.

வினாயகமூர்த்தி ஷட்டரை உதைத்துத் தூக்கினார். கைக்கு அகப்பட்டது இஸ்திரிப் பெட்டி. அதைத் தூக்கி எறிந்தார். ஹெல்மெட்டில் பட்டுக் கண்ணாடி வெடித்தது. அவன் திரும்பிய வேகத்தில் மேசையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து வீசினான். வினாயகமூர்த்தியின் முன்னங்கை முழங்கை வரை கிழிந்து இரத்தம் சுவரில் அடித்தது. ஸஹ்ரா நூற்கண்டுகள் அடுக்கிய ராக்கையைத் தள்ளி அவன் மேல் சாய்த்தாள். அவன் அவளுடைய வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டு விழுந்தாள்.

அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது நௌஷாட்டுக்கு. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, வாழ்நாளில் ஒருவரையும் அடித்தறியாத மனிதர். சமநிலைக்காக மெஷின் மேல் ஊன்றிய ஹெல்மெட்காரனின் வலது கையை அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, ஊசிக்குக் கீழே வைத்து, காலால் அடி வரை மிதித்தார்.

ஊசி பெருவிரலுக்குள் இறங்கி எலும்பில் முட்டி முறிந்தது. அவன் அலறினான். நௌஷாட்டின் முகத்தில் குத்தினான், இரண்டு பல் தெறித்தது. பின்கதவால் பாய்ந்து மதில் ஏறிக் குதித்தான். ஸஹ்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதில் வரை ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ஒழுங்கையின் அந்தத் தொங்கல் முனையை அவன் அதற்குள் கடந்துவிட்டான். வாவிப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று சீறியது.

“பழகின ஓட்டம் சேர்,” என்று வந்து சொன்னாள். “முழங்கால் நெஞ்சுக்கு வருது. களவெடுத்துட்டு ஓடுறவன் அப்பிடி ஓடமாட்டான்.”

வினாயகமூர்த்தி தன் கையை ஒரு பிடவைத் துண்டால் கட்டிவிட்டு, நௌஷாட்டின் விரல்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று விரல். நகம் இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஆர் காக்கா அவன்?” என்று கேட்டாள் ஸஹ்ரா.

“முகம் தெரியா மகள்.” நௌஷாட் இரத்தத்தைத் துப்பினார். “ரெண்டு மாசத்துக்கு முந்தி மாஸ்க் போட்டுக்கு வந்தான். நாடகத்துக்கெண்டான். வளையத்தக் கோத்துத் தாங்க எண்டு கெஞ்சினான். இருபது தரம் நூல் மாத்தோணும், தூரத்துல பாத்தா ஒண்டுதானே எண்டு நான்தான் மறுத்த. அல்லாஹ்வே, அந்தச் சோம்பலுக்கு எனக்குக் கிடைச்ச கூலியப் பாரு.”

“உங்கட சோம்பல்தான் காக்கா ஒரு உசிரக் காப்பாத்தப் போகுது,” என்றாள் ஸஹ்ரா. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

வினாயகமூர்த்தி மெஷினில் குனிந்தார். ஊசியின் மேல் பாதி பிடியில் அப்படியே இருந்தது. கீழ்ப் பாதியைக் காணவில்லை.

“மற்றப் பாதி அவன்ட பெருவிரல்ல. இத வெளிய எடுக்க அவன் எங்கயாவது டாக்டரிட்டப் போகத்தான் வேணும்.”

அப்போதுதான் கைபேசி அடித்தது. விதுர்ஷா. கை முழுக்க இரத்தமாக இருந்ததால் ஸஹ்ரா வாங்கி, எல்லோருக்கும் கேட்க வைத்தாள்.

“சேர், ஏதும் கிடைச்சதா? மூணு மணிக்கு நீதவான் வந்திருவாரு. அப்பா இப்பதான் கண் முழிச்சவர், ஆனா கதைக்க ஏலாமக் கிடக்கு. என்னவோ சொல்ல வாறார், விளங்குதில்ல.”

“அப்பாவோட ஆர் நிக்கிற புள்ள?”

“வினோஜன் நிக்கிறார். இப்பதான் ஓடி வந்தவர். நீ போய்ச் சாப்பிடு, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு என்னக் கீழ அனுப்பிட்டார். காவலுக்கு நிண்ட பொலிஸ்காரரையும் சாப்பிட அனுப்பிட்டார். பாவம் சேர் அவரும். அப்பாக்கு இளநி வெட்டப் போய்ப் பெருவிரல வெட்டிக்கிட்டார். சீலையால கட்டியும் ரத்தம் நிக்குதில்ல.”

வினாயகமூர்த்தி மெஷினில் முறிந்து நின்ற ஊசியைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்டைக்கு விஜிதரன் செத்த செய்திய உங்கட ஊட்ட முதல் வந்து சொன்ன ஆர்?” வினாயகமூர்த்தியின் குரல் மிக மெதுவாக வந்தது.

“வினோஜன்தான். பொலிஸ் வாறதுக்கு மிச்ச நேரம் முந்தி. ஏன் சேர்?”

“மேல ஓடு புள்ள! ஆரையும் கூப்பிட்டுக்கு ஓடு! அப்பாவத் தனிய விடாத!”

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அந்தச் சாலையில் அதைவிட வேகமாக யாரும் போயிருக்க முடியாது. நௌஷாட்டை நடுவில் வைத்து மூன்று பேராக, கல்லடிப் பாலத்தில் இரண்டு பஸ்ஸுக்கு இடையில் புகுந்து போனாள் ஸஹ்ரா. வாசலில் நின்ற கூட்டம் இரத்தம் ஒழுகும் இரண்டு ஆண்களைக் கண்டு தானாக விலகியது.

மாடியில், மாஸ்டரைத் தனியாகப் போட்டிருந்த அறையின் கதவு, மருந்து கொடுத்த தாதி வெளியேறியதும் உள்ளே தாழிடப்பட்டிருந்தது. வாசல் கூட்டம் மறித்ததால் அப்போதுதான் மேலே வந்திருந்த விதுர்ஷா இரண்டு கையாலும் கதவில் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் சோற்றுப் பார்சலோடு ஓடி வந்த பொலிஸ்காரர் பார்சலை எறிந்துவிட்டுத் தோளால் மோதினார். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

வினோஜன் கட்டிலின் மேல் இருந்தான். மாஸ்டரின் உடைந்த விலாவில் முழங்காலை ஊன்றி, தலையணையால் அவர் முகத்தை அமுக்கிக்கொண்டிருந்தான். கிழவரின் கால்கள் போர்வைக்குள் உதறின. நேற்று முன்தினம் நெருப்பிலிருந்து தூக்கி வந்த அதே ஆளைத்தான் அவன் கொன்றுகொண்டிருந்தான்.

ஸஹ்ரா யோசிக்கவில்லை. சேலைன் போத்தல் தொங்கிய இரும்புக் கம்பத்தைப் பிடுங்கி அவனுடைய பிடரியில் ஓங்கி அடித்தாள். அவன் திரும்பினான். முழங்காலில் இன்னொன்று அடித்தாள். ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அவன் கட்டிலிலிருந்து உருண்டு விழ, பொலிஸ்காரர் மேலே ஏறி இருந்து விலங்கு மாட்டினார்.

மாஸ்டர் உயிரோடு இருந்தார். வாயில் இரத்த நுரை. டாக்டரும் தாதிமாரும் ஓடிவந்து ஒட்சிசன் மாட்ட, நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விதுர்ஷா நிலத்தில் உட்கார்ந்தாள்.

வினாயகமூர்த்தி குனிந்து வினோஜனின் பெருவிரலில் சுற்றியிருந்த சீலையை அவிழ்த்தார். நகத்தின் நடுவில் ஒரு கறுத்த ஓட்டை. தையல் மெஷின் ஊசிக்கு நூல் கோக்கும் ஓட்டை நுனிப் பக்கம்தான் இருக்கும். முறிந்த நுனி எலும்புக்குள் நிற்க, அதன் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூல் வெளியே தொங்கியது. பச்சை நூல்.

“இளநிக்குள்ள பச்சை நூல் இருந்ததா தம்பி?” என்று கேட்டாள் ஸஹ்ரா.

வாசலில் நின்ற நௌஷாட், கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். வினோஜன் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏண்டா?” என்றார் வினாயகமூர்த்தி. “மாஸ்டர் உனக்கு ஓட்டம் பழக்கினவர், பொண்ணு தாறவர். அவரக் கொல்ல என்ன வந்தது?”

“அண்டைக்கு வெள்ளென அலுமாரியடியில நான் நிண்டத அவர் கண்டவர்.” வினோஜனின் குரல் உடைந்தது. “கதைக்கத் தொடங்கினா அதத்தான் முதல் சொல்லியிருப்பார்.”

“விஜிதரன்?”

அவன் விதுர்ஷாவைப் பார்க்காமல் பேசினான். பொண்ணு கேட்டுப் போனபோது மாஸ்டரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தான். தானும் ஒரு முறை ஒலிம்பிக் ரிலே அணியில் மேலதிக ஓட்டக்காரனாகப் போனதாகவும், ஓடக் கிடைக்கவில்லை என்றும். மாஸ்டருக்குப் பக்கத்தில் நிற்க அதுவாவது வேண்டும் என்று நினைத்தான். பிறகு பொய் வளர்ந்தது. கலியாணப் பதிவு எழுத்தன்று போட ஒரு கோட்டும் தைப்பித்தான், பட்ஜும் தைப்பித்தான். அன்று பின்னேரம் பாலத்தடியில் ஒதுங்கி, தோணிக்காரன் ஒருவனைக் கொண்டு அந்தக் கோட்டோடு படம் எடுப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் விஜிதரன் மைதானத்துச் சாமான் மூட்டையோடு அந்த வழியால் வந்தார். தோணிக்காரனைப் போகச் சொல்லிவிட்டு, தனியாகப் பேச வேண்டும் என்றார்.

“ஊர் முழுக்கச் சொல்லிருவான் எண்டு பயந்துட்டன். கோட்டுல கைய வச்சிட்டு, ‘மாஸ்டருக்கும் விதுர்ஷாக்கும்’ எண்டு தொடங்கினான். அதோட எனக்குக் கண் இருட்டிட்டு. மூட்டைக்குள்ள கையப் போட்டன், குண்டு வந்தது.”

“முடிக்க விட்டீங்களா அவர?”

கேட்டது விதுர்ஷா. நிலத்திலிருந்து எழும்பியிருந்தாள்.

“இல்ல.”

“மாஸ்டருக்கும் விதுர்ஷாக்கும் எல்லாம் தெரியும், நீ பயப்படாத, அந்தக் கோட்டப் போட்டு ஊருக்கு முன்னால வெக்கப்படாத எண்டு சொல்ல வந்தவரு. நான்தான் சொல்லச் சொன்ன. ஒரு மாசத்துக்கு முந்தி. அண்டைக்குத்தான் அவர் உங்களப் பிடிச்சாரெண்டு எனக்குத் தெரியா.”

வினோஜன் வாய் திறந்தான். விதுர்ஷா பேச விடவில்லை.

“அந்த வருஷம் இங்கயிருந்து ரிலே அணியே போகல்ல. அப்பாக்குத் தெரியாதா? நீங்க பொய் சொல்லிட்டுப் போன அண்டைக்கே எனக்குச் சொல்லிட்டாரு. பொடியன் நம்மட முன்னால பெரிசா நிக்க ஆசைப்படுறான், பாவம், உனக்குப் பிடிச்சிருந்தா முடி மகள் எண்டாரு. எனக்குப் பிடிச்சிருந்தது. சீதனத்துக்கு எழுதின ஊட்ட எரிய விட்டு, எங்கட அப்பாவ மிதிக்க விட்டு, விஜி அண்ணன்ட புள்ளைகள அநாதையாக்கி, எதடா மறைச்சாய்?”

அவள் அழவில்லை. அவனுக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள்.

“ரெண்டு நிமிஷம் அந்த மனிசனக் கதைக்க விட்டிருந்தா, வாற மாசம் நீ எங்கட ஊட்டு மாப்பிள்ள.”